வெயிலுக்குத் திறந்த நான்கு கதவுகள்

அந்த வீட்டின் கொல்லைக் கதவைத் திறக்க முதல் நாள் எங்கள் இருவருக்கும் அரைமணி நேரம் பிடித்தது. தாழ்ப்பாள் துருவேறிச் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. டீச்சர் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். நான் கருங்கல் துண்டு ஒன்றால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் தாழ்ப்பாள் விலகியபோது கிணற்றடியில் கிடந்த வெளிச்சம் முழுவதும் ஒரேயடியாக உள்ளே வந்தது. டீச்சர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "இதைத் திறந்து ஆறு வருஷம் இருக்கும்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

நான் புகைப்படக்காரன். பிழைப்புக்குக் கல்யாணமும் காதுகுத்தும் எடுக்கிறேன். எனக்காக எடுப்பது கட்டடங்களை மட்டும்தான். பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். பூசை நேரத்தில் சாமியாரைப் பார்க்காமல், உயரத்து ஜன்னல் வழியாக இறங்கும் வெயில் எந்தப் பெஞ்சின் மேல் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததற்காக அம்மாவிடம் பலமுறை கிள்ளு வாங்கியிருக்கிறேன். மனைவி இறந்தபின் கே.கே. நகரில் தனியாக இருக்கிறேன். காலையில் காமிராப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினால் அநேகமாக ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குத்தான் வண்டி போகும். அங்கே உத்தர வீதி வீடுகள் அகலம் குறைந்தவை, ஆனால் ரயில்பெட்டிபோல நீளமானவை. வாசல், அதை ஒட்டிய இடைகழியான ரேழி, முற்றத்தோடு கூடிய கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். கட்டியவர்கள் எல்லாக் கதவுகளையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருக்கிறார்கள். அத்தனையும் திறந்திருந்தால் வீதியில் நிற்பவனுக்குக் கொல்லைக் கிணறு தெரியும். அந்த நேர்கோட்டைத்தான் வீடு வீடாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு வீடு கிடைப்பது எளிதல்ல. பாதி வீடுகளில் நடுவே சுவர் வைத்துக் குடித்தனம் விட்டிருந்தார்கள். மீதியில் குரங்குக்குப் பயந்து கதவைத் திறக்கமாட்டார்கள். கீழ உத்தர வீதியில் டீச்சர்தான், நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "வாங்கோ, பார்க்கலாம்" என்றவர். பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி ஆறு வருடம். மகன் அமெரிக்காவில், மகள் ஹைதராபாத்தில். அவ்வளவு நீள வீட்டில் அவர் புழங்கியது முன்பகுதியில் மட்டும். பின்கட்டுக் கதவுகள் இரண்டும் சாத்தியே கிடந்தன.

அப்போது மார்கழி. முற்றத்தில் வெயில் தரைக்கு வரவில்லை. வடக்குச் சுவரில் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது தரையில் பட்டையாக விழவேண்டும், நான்கு கதவுகளுக்கும் நடுவில். கேட்டதும் டீச்சரின் முகமே மாறிவிட்டது. "சூரியன் இப்போ தெற்கே சாஞ்சுன்னா இருக்கு? அது மேலே ஏற ஏற வெயில் சுவத்தில கீழே இறங்கும். மாசிக் கடைசியில தரைக்கு வந்துடும், பாருங்கோ" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "முப்பது வருஷம் பூமி சுத்தறதைப் போர்டுல வரைஞ்சேன். எங்காத்துக்குள்ள வெயில் எங்க விழறதுன்னு இப்பத்தான் பார்க்கறேன்" என்றார்.

வாரம் ஒருமுறை போனேன். பதினோரு மணிக்கு நான் போகும்போது நான்கு கதவுகளும் திறந்திருக்கும். கூடம் துடைத்திருக்கும். வடக்குச் சுவரில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், பக்கத்தில் தேதி. நான் வராத நாட்களிலும் வெயிலின் விளிம்பைக் குறித்து வைத்திருந்தார். காப்பி கொடுப்பார். காமிராவை வாசற்படியில் நிறுத்தியதும் அவரே படச்சட்டத்துக்கு வெளியே போய், ரேழிக் கதவின் பின்னால் மூச்சுகூட விடாமல் நிற்பார். என் படங்களில் மனிதர்கள் இருக்கமாட்டார்கள். அது நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. ஒருநாள் மட்டும், "நான் அந்தத் தூண்கிட்ட உக்காந்தா படம் கெட்டுப் போயிடுமா?" என்று கேட்டார். "இது கட்டடத்துக்கான படம் டீச்சர்" என்றேன். "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுக் கதவின் பின்னால் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே மாசி முடியும்போது வெயில் தரைக்கு வந்தது. ஒரு வியாழக்கிழமை, கூடத்துச் சிவப்புத் தரையில் அது பாய் விரித்ததுபோல விழுந்தது. அதற்கு அப்பால் இருட்டு, அதற்கும் அப்பால் கிணற்றடி வெளிச்சம். ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். மூன்றாவதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று. இனி அந்த வீட்டுக்கு வர வேலையில்லை. நான் பெட்டியை மூடும்போது டீச்சர் கேட்டார்: "இன்னும் வெயில் நடுவுக்கு வரும். வருவேளா?"

"வருவேன் டீச்சர். வெளிச்சம் நல்லா இருக்கற அன்னைக்கு வந்துடறேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாசலில் நிற்பவரிடம் 'போயிட்டு வரேன்' என்று சொல்வது மாதிரித்தான் அது என் வாயில் வந்தது. மறுவாரம் லால்குடிப் பக்கம் ஒரு பழைய நெல் களஞ்சியம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனேன். பிறகு கல்யாண மாதங்கள் வந்தன. டீச்சரை மறந்தேன் என்று சொல்லமுடியாது. அந்தப் படத்தைக் கணினியில் திறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வதே போய்ப் பார்த்ததற்குச் சமம் என்பதுபோல இருந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து, பெரிய அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனபோது வாசலில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துப் புதிய அடுக்குமாடியின் காவலாளி, "அந்தம்மாவ மக வந்து ஹைதராபாத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க சார், ரொம்ப நாளாச்சே" என்றார். பிள்ளைகளோடு இருக்கப் போயிருக்கிறார், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

சென்ற ஆண்டு கன்டோன்மென்ட்டில் ஒரு சிறிய அரங்கில் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தேன். டீச்சர் வீட்டுப் படத்தை ஒரு பத்திரிகையில் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகல், அரங்கில் நான் மட்டும் இருந்த நேரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையில் அந்தப் பத்திரிகைத் துண்டோடு வந்தார். மற்ற எதையும் பார்க்கவில்லை. நேரே அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். நெடுநேரம் கழித்துத் திரும்பி, "நீங்கதான் எடுத்தேளா?" என்றார். குரலிலேயே தெரிந்தது, டீச்சரின் மகள்.

"டீச்சர் எப்படி இருக்காங்க?"

"அம்மா போய் நாலு மாசம் ஆச்சு. வீட்டு விஷயமா வந்தேன், பேப்பர்ல பார்த்தேன்." படத்தைக் காட்டி, "கதவெல்லாம் திறக்கச் சொன்னது நீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு அவராகவே சொன்னார். நான் போகாமல் விட்ட பிறகு, பக்கத்து மாடியில் புதிதாகக் குடிவந்தவர்கள் போன் செய்தார்களாம்: உங்கள் அம்மா தினமும் வாசலிலிருந்து கொல்லை வரை எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறார், குரங்கு உள்ளே புகுந்து சாமான்களை இறைக்கிறது, ஒருநாள் யாரோ முன்பின் தெரியாதவன்கூட உள்ளே வந்துவிட்டான், ஏதாவது செய்யுங்கள் என்று. மகள் ஓடி வந்திருக்கிறார். சுவர் முழுக்கப் பென்சில் கோடுகள். என்ன அம்மா இது என்றால், போட்டோக்காரர் வெயிலுக்காக வருவார் என்றாராம்.

"பேர் என்னன்னு கேட்டேன், தெரியலைன்னா. நம்பர் கேட்டேன், இல்லைன்னா. எல்லாரும் கதவைச் சாத்திண்டே இருக்கற தெரு, அப்படி யாரையும் பார்த்ததா ஒருத்தரும் சொல்லலை. அண்ணா போன்ல, இது மறதி வர்றதோட ஆரம்பம், இனிமே தனியா விடாதேன்னுட்டான். டாக்டர்கிட்ட காமிச்சோம். அழுதா. நான் சரியாத்தான் இருக்கேன், அவர் வருவார்னு சொல்லிண்டே இருந்தா. பலவந்தமாத்தான் கூட்டிண்டு போனேன். எங்க ஃபிளாட்டுல ஒரு வருஷம் கழிச்சும் சொல்லுவா. அப்புறம் சொல்றதை விட்டுட்டா. மறந்துட்டான்னு நாங்க சந்தோஷப்பட்டோம்."

என் பெயரை டீச்சர் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. போட்டோக்காரரே, டீச்சர் என்பதோடு அந்த மூன்று மாதமும் போய்விட்டது. "படம் அன்னைக்கே கிடைச்சிடுச்சுங்க. திரும்ப வரத் தேவையில்லைன்னு எனக்குத் தெரியும். வரேன்னு சும்மா சொன்னேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து மறுபடி படத்தின் அருகே போய், அதிலிருந்த வடக்குச் சுவரில் முகத்தை ஒட்டவைத்தாற்போல உற்றுப் பார்த்தார். பெரிய பிரிண்டில் அந்தப் பென்சில் கோடுகள் தெரிந்தன. இந்த மூன்று நாளும் அவற்றைச் சுவரின் கீறல் என்றுதான் பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள். விரலால் தொடாமல், மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பதுபோல வந்தார்.

பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார். அமெரிக்காவில் அது விடியாத நேரம். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்ததும், "அண்ணா, நான்தான். இல்ல, ஒண்ணும் ஆகலை" என்றார். "அம்மா சொன்னாளே, போட்டோக்காரர். இருக்கார் அண்ணா. நிஜமாவே இருக்கார். இதோ, என் எதிர்ல நிக்கறார்."

அந்தப் பக்கம் இருந்தவருக்கு நான் தெரியப்போவதில்லை. இருந்தும், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.