வெளியில் தொங்கிய பூட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தாராவியில் ஒரு மழைக்கால மத்தியானம் நடந்தது இது. மனைவியை அடிக்கும் ஆண்களைத் திருத்துவதற்காக அங்கே சனிக்கிழமைதோறும் ஒரு குழு கூடும். மாட்டுங்காவில் வீடு, ஆபீஸ், லோக்கல் ரயில் என்று ஓடிக்கொண்டிருந்த நான், அதில் உதவிக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பாடம் நடத்தச் சொன்னால் கேட்கவா வேண்டும்?

கோபம் தலைக்கேறினால் கையை ஓங்காதீர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நாலு மாதமாக மனைவி மேல் கை வைக்கவில்லை என்று அவர் எழுந்து நின்று சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம். முதலில் தட்டியது நான்தான். புதிதாகச் சேர்பவர்கள் முன்னால் அவரைப் பேசவைப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

அவர் மனைவியையும் குழுவில் பேச அழைக்க ஆசை. அவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்து, சந்துக்குள் விசாரித்துக்கொண்டு போனேன். கதவில் பூட்டு தொங்கியது. சரி, இன்னொரு நாள் வரலாம் என்று திரும்பினால், உள்ளே குக்கர் விசில் அடித்தது.

கதவைத் தட்டினேன். கம்பி போட்ட சின்ன ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. நான் யாரென்று சொன்னதும், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

"அடிக்கதை விட்டுட்டாவ அக்கா, அது நெசந்தான். இப்பம் கோவம் வந்தா நீங்க சொன்ன மாதிரி வெளிய போயிருதாவ. போவையில என் போனை எடுத்துக்கிட்டு, கதவையும் பூட்டிட்டுப் போயிருதாவ. இன்னைக்குக் காலையில போனாவ."

உள்ளே அடுப்பு எரிகிறது, வெளியே பூட்டு. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஒரு கல்லைத் தேடி எடுத்துவிட்டேன். அவள்தான் தடுத்தாள்.

"உடைச்சுட்டு நீங்க போயிருவிய. நான் இங்க இருக்கணும்லா? நான் சொன்னதா மட்டும் காட்டிக்கிடாதிய."

கல்லைக் கீழே போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நாலு மாதமாக அவரிடம் கேட்டோம். இவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. போகவும் மனமில்லை, நிற்கவும் பயம். உனக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். விக்ரோலியில் இருக்கும் தன் அக்காவின் நம்பரைச் சொல்லி, விஷயத்தை அங்கே தெரிவிக்கச் சொன்னாள்.

ஒரு வாரத்தில் அக்கா வந்து, ஏதோ விசேஷம் என்று சொல்லி அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவர் குழுவுக்கு வருகிறார், மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்கி. திருந்துவாரா என்று எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் மனைவிமாரைத் தனியாகப் பார்த்துக் கேட்ட பிறகுதான் எதையும் நம்புகிறோம்.

இன்றும் யாராவது எழுந்து நின்று "நான் மாறிட்டேன்" என்று சொன்னால் மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் குக்கர் விசில் கேட்கிறது, கை மடியிலேயே இருந்துவிடுகிறது.