பெயிண்டர் பொரித்த ஆரஞ்சு சிக்கன்

பெயிண்டரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை ஆட்கள். பழைய பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டு அடிப்பவர்கள். அழுக்கின் மேலேயே அடிப்பவர்கள். முதல் வகையில் தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் பார்த்ததில்லை.

கார் பட்டறையில் ஸ்பிரே பெயிண்டராகவே வாழ்நாளைக் கழித்தவர். அவர் கணக்கில் டிங்கர் தகரத்தைக் கெடுக்கப் பிறந்தவன், பெயிண்ட் கடைக்காரனுக்குக் கண் தெரியாது, கார் வைத்திருப்பவனுக்கு வெட்கம் கிடையாது. அடித்து முடித்த கதவின் பக்கம் யாராவது வந்தால் ஒரே அதட்டல்: "தொடாதே, காயலை!" வீட்டு நாற்காலிக்கு வார்னிஷ் பூசினாலும் அதே அதட்டல்தான். மகள் அம்மா, அப்பா என்பதற்கு அடுத்தபடியாகச் சொன்ன சொல் 'காயலை' என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய ஏளனத்தில் பெரும்பங்கு மச்சானுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மனைவியின் தம்பி. கடைவீதியில் சைனீஸ் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். "நூடுல்ஸைச் சிக்கெடுக்கத் தெரியாதவன் கடை வச்சிருக்கான், சாப்பிடத் தெரியாதவனுங்க வரிசையில நிக்கிறானுங்க" என்பார். அந்தக் கடையின் வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை.

பிறகு மனைவிக்கு நோய் வந்தது. மருந்து அவளுடைய நாக்கை எடுத்துக்கொண்டது. எதை வைத்தாலும் அட்டையை மெல்வது போல இருக்கிறது என்று தள்ளினாள். கையில் வளையல் நிற்கவில்லை. எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர்.

"இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு கோட்டு" என்றார் பெயிண்டர், வெளியே வந்து.

ஒரு மத்தியானம் மச்சான் பிளாஸ்டிக் டப்பாவில் ஆரஞ்சு சிக்கன் கொண்டுவந்தான்.

"அக்கா, உனக்குன்னு நானே போட்டது. சூடா இருக்கு, சாப்பிடு."

டப்பா முழுவதும் சாஸில் ஊறிக் கிடந்தது. ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் தப்பியிருந்தது. அதைக் கடித்ததும் மொறுக்கென்று சத்தம் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது தெரியுது."

"ருசியாக்கா?"

"ருசி இல்லடா. சத்தம். வாய்க்குள்ள ஏதோ நடக்குதுன்னு தெரியுது."

அடுத்த துண்டு நமுத்திருந்தது. அதற்கடுத்ததும். டப்பாவை மூடிவிட்டாள்.

"கடையில உக்காந்து சாப்பிட்டா மொறுமொறுன்னு இருக்கும்க்கா. வண்டியில வர்றதுக்குள்ள..."

"ஏன் மச்சான், இது சிக்கனா, ஈரத்துணிக்கு ஜாம் தடவினதா?" என்றார் பெயிண்டர். "நான் செஞ்சு காட்டுறேன் பாரு."

அதுவரை அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை.

போனில் சமையல் வீடியோக்களைப் பார்த்தார். பார்த்த ஒவ்வொருவரையும் திட்டினார். ஒருத்தி சிரித்துக்கொண்டே சமைக்கிறாள். ஒருத்தன் கை கழுவவில்லை. ஆனால் சங்கதி அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. எலும்பில்லாத சிக்கனில் முட்டையும் சோயா சாஸும் பிசறுவது அடித்தளம். சோளமாவு முதல் பூச்சு. எண்ணெயில் ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு, இன்னும் காய்ந்த எண்ணெயில் மறுபடி பொரிப்பது இரண்டாம் பூச்சு. ஆரஞ்சுச் சாறு, சர்க்கரை, வினிகர், பூண்டு சேர்த்துக் காய்ச்சிய சாஸ் கடைசி மினுமினுப்பு. ஆரஞ்சுத் தோலை அவர் சீவிய அழகே தனி. வெள்ளை தெரிந்தால் கசக்கும் என்றார்கள். தகரம் தெரியாமல் பெயிண்டைத் தேய்க்கிற கைக்கு ஆரஞ்சு எம்மாத்திரம்!

பொரித்து எடுத்ததும் பாத்திரத்தில் போட்டு அழுத்தமாக மூடி வைத்தார். அடித்த பொருளில் தூசு விழக் கூடாது. அதற்காகத்தானே பட்டறையில் கதவு சாத்திய அறை? சாஸ் காய்ச்சி முடிக்கும்வரை அது மூடியே இருந்தது.

மனைவி கடித்தாள். காத்திருந்தாள்.

"சத்தமே வரலைங்க."

சோளமாவு விற்றவன் திருடன் என்றார். அடுத்த தடவை கடையை மாற்றினார். மூடியை மாற்றவில்லை. மறுபடியும் நமுத்தது. இந்த முறை அடுப்பு செய்தவன் மாட்டிக்கொண்டான்.

பால்பவுடர் ஆலையில் உலர்த்தும் பிரிவில் இன்ஜினியராக இருந்த மகள் சொன்னாள்: "அப்பா, மூடியை எடுங்க. உள்ள ஆவி அடையுது."

"நீ படிச்சது மெஷினுக்கு. பூச்சைப் பத்தி எனக்குச் சொல்லித் தர வராதே."

"அப்பா..."

"போ, போய் அம்மாவைப் பாரு."

அந்த வாரம் மச்சான் தன் டெலிவரி வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிவந்தான். வேறு எங்கோ மலிவாகப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தான். கதவெல்லாம் கொப்புளம். பெயிண்டருக்கு அன்றைக்குத் திருவிழா. நகத்தால் ஒரு கொப்புளத்தைக் குத்தினார், தண்ணீர் கசிந்தது.

"எவன் அடிச்சான் இதை? ஈரத்தை உள்ள வச்சு மூடினா கொப்பளிக்காம கொஞ்சுமா? மூளை இருக்கிறவன் மூடுவானா?"

மச்சான் வண்டியில் சாய்ந்துகொண்டான். "அப்படியா அத்தான்? சுடச்சுட பொரிச்ச சிக்கனை மூளை இருக்கிறவங்க மூடுவாங்களா? அக்கா போன்ல சொல்லிச்சு."

டிங்கர் சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார். பெயிண்டர் அந்தக் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "வண்டியை விட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பொரித்த துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று படாமல் கம்பித்தட்டில் பரப்பி, ஜன்னலைத் திறந்துவைத்தார். சாஸைத் தனியாக மனைவியின் கட்டிலுக்கே கொண்டுபோய், அவள் கண்ணெதிரே புரட்டி எடுத்தார். ஒரு மாற்றமும் செய்திருந்தார். முந்தைய இரண்டு தடவையும் சிக்கன் கறுத்துப்போயிருந்தது. கறுப்பு அடித்தளத்தின் மேல் ஆரஞ்சு எடுக்காது. அதனால் சோயா சாஸை அடியோடு விட்டுவிட்டார். புது வண்டி போலப் பளபளத்தது சிக்கன்.

அவள் கடித்தாள். மொறுக்.

வாசற்படியில் நின்ற மகளுக்குக் கேட்டது. இன்னொரு துண்டு. மொறுக். மூன்றாவதை மனைவி தானாகவே எடுத்தாள்.

"உப்பு இல்லை" என்றாள், மென்றபடி.

"நாக்கு செத்துப்போச்சுன்னு சொன்னே! உப்பு மட்டும் எப்படித் தெரியுது?"

"உப்பு எங்க தெரியுது? உங்களைத் தெரியுது. கலர் போயிடும்னு சோயா சாஸை விட்டிருப்பீங்க. பதிலுக்கு உப்புப் போட யாரு நினைச்சா?"

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். இத்தனை நாளில் அவர் ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. அடித்ததைத் தொட்டுப் பார்த்துப் பழக்கமில்லாதவர். மொறுமொறுப்பு பிரமாதம். உப்பு சுத்தமாக இல்லை.

"தூ. இதை மனுஷன் தின்பானா? கொடு, வேற பண்றேன்." தட்டை எடுக்கக் கை நீட்டினார்.

அவள் தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. காயலை."

தட்டு காலியாகும்வரை அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மொறுக், மொறுக் என்று அவள் மென்றுகொண்டிருந்தாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, இதை அடித்தவன் சுரண்டாமலே அடித்திருக்கிறான், மடையன் என்றார். அந்தச் சுவரை அடித்தவர் அவர்தான்.