ஃபோர் வீல் இருக்கா?

போன ஐப்பசியில் அக்காவின் ஸ்கூட்டர் ஏரிக்கரைச் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. அக்கா கால்நடை மருத்துவர். இறங்கி நடந்து போய்ச் சேர்வதற்குள், கன்று ஈன முடியாமல் அந்தப் பசு செத்துப்போயிருந்தது. அடுத்த மழைக்குள் ஒரு கார் வாங்கியே தீர வேண்டும், பழசானாலும் சரி என்றாள். தேடும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, காடு மலையெல்லாம் ஏறும் வண்டிகளின் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த சமயம்.

முதலில் விழுப்புரத்தில் ஒன்று பார்த்தோம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் புதிதாக வாங்கித் தானே ஓட்டிய வண்டி. உயரமானதுதான், ஆனால் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும்.

"இது கல்யாண மண்டபத்துக்குப் போற வண்டிக்கா. சேத்துல எறங்குனா படுத்துக்கும்" என்று கிசுகிசுத்தேன். அவளோ அவர் சொன்ன சர்வீஸ் கதைகளையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் மனசெல்லாம் திண்டிவனத்து வண்டியில். வண்டிக்குச் சொந்தக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. போனிலேயே கேட்டிருந்தேன்.

"அண்ணே, ஃபோர் வீல் இருக்கா?"

"மூணு வீலு இருந்தா ஆட்டோன்னு சொல்லியிருப்பேனே தம்பி. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு கீது."

"அதில்லண்ணே, நாலு சக்கரமும் இழுக்கணும். கியருக்குப் பக்கத்துல சின்னதா இன்னொரு லீவர் இருக்கும்."

"கீது, கீது. ஜல்தி வா."

லீவர் இருந்தது. பின்கதவில் அதைப் பறைசாற்றும் எழுத்துகளும் பளபளத்தன. வீட்டுக்கு எதிரிலேயே ஏரி, முந்தின நாள் பெய்த திடீர் மழையில் ஓரமெல்லாம் களி. அக்காவை ஏற்றிக்கொண்டு, "இப்ப பாருக்கா" என்று லீவரைத் தள்ளி உள்ளே இறக்கினேன்.

ஒரு வண்டி நீளம்கூடப் போகவில்லை. பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றின. முன்சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. லீவரை இழுத்தேன், தள்ளினேன், இஞ்சினை உறும விட்டேன். வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வயல் டிராக்டர் வந்து இழுத்துக் கரையேற்றியதும், தரையில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. தப்பான வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேனோ என்று ஒரு கணம் தோன்றியது.

"அண்ணே, ஷாஃப்டே இல்ல!"

"அதுவா? வாங்குன புதுசுலயே கழட்டிட்டோம். டீசலைக் குடிச்சிக்கினு இருந்துது. நம்ம பக்கம் எல்லாரும் கழட்டிடுவாங்க."

"பத்திரமா வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேனே, வா" என்று மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையில் நட்டு வைத்த இரும்பு முளை ஒன்றில் செவலைப் பசு கட்டியிருந்தது. அந்த முளைதான் ஷாஃப்ட்; அதன் தலையில் கவட்டை. கயிறு அதற்குள் நுழைந்து சுருக்குப் போட்டிருந்தது.

"இன்னா இழுத்தாலும் அசையாது டாக்டரம்மா" என்றார் பெருமையாக.

அக்கா முதலில் பசுவைத் தடவிக் கொடுத்தாள். பிறகு குனிந்து வைக்கோலை விலக்கினாள். மண்ணுக்குள் போகும் இடத்தில் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தது. "மூத்திரம் அரிச்சிருக்குடா. இதைத் திரும்ப மாட்ட முடியாது."

"வேற ஷாஃப்ட் தேடி வாங்கிடலாம்கா. மாட்டிட்டா இது மாதிரி வண்டியே…"

"தேடி, மாட்டி, அது ஒத்துழைச்சு. அதுக்குள்ள ஐப்பசி மழை வந்துடும்." அவள் குரல் உயரவே இல்லை. "சேத்துல மாட்டினா டிராக்டர் வந்து இழுக்கும், இப்ப பார்த்தியே. இல்லன்னா கரையில விட்டுட்டு நடப்பேன். ஆனா கூப்புட்ட நேரத்துக்கு வண்டி கிளம்பலன்னா, கரை வரைக்குமே போக முடியாதுடா. போன தடவை ஸ்கூட்டர் கிளம்பவே நேரமாச்சு. எனக்குப் பத்தாம போனது அந்தக் கொஞ்ச நேரம்தான்."

நான் இத்தனை நாளும் பேசியது சேற்றைப் பற்றி மட்டும்தான். அவள் நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பசுவை.

அங்கிருந்தே விழுப்புரத்து வாத்தியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், நாங்க வந்து பாத்ததுக்கு அப்புறம் வண்டி எடுத்தீங்களா?"

"இல்லம்மா, அன்னிலேருந்து அப்படியேதான் நிக்குது."

"நின்ன வண்டி உடனே எடுக்குதான்னு கேக்கணும். இப்ப ஸ்டார்ட் பண்றீங்களா?"

அவர் செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறக்கும் சத்தம். பிறகு, ஒரே சாவித் திருப்பில், இஞ்சின். சீராக, அலட்டாமல். செவலை ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பியது. அக்கா போனைக் கையில் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.