என் தங்கச்சியின் இரத்தத்தை நான் நம்பவில்லை

நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் மணந்து பார்த்துத்தான் வாங்குவேன். என்னைப் போய், உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது, ஆனால் மருந்து வேண்டாம் என்பதை நம்பச் சொன்னார்கள்.

கிருமி என் தங்கச்சியின் உடம்பில். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த நாங்கள் கனமூலைப் பக்கம் ஒரே வளவில் இருந்தோம். நாட்டில் சண்டை முடிந்த பிறகு அவள் புருஷன் மௌத்தானான். இத்தா என்று வீட்டோடு இருந்த நாலு மாசம் முடிந்ததும் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தாள். அதில் பிடிபட்டது. அவன் எதில் செத்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கிளினிக்கில் பெயரைக் கூப்பிடாமல் நம்பரைக் கூப்பிட்டார்கள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் சிங்களவர். நல்ல தமிழ் கதைத்தார்.

“கிருமி இருக்கு. ஆனா மெஷினால எண்ண ஏலாத அளவுக்குக் கொஞ்சம். இவங்கட உடம்பே அத எழும்ப விடாம அமத்தி வெச்சிருக்கு. மிச்சம் அபூர்வமாத்தான் இப்பிடி.”

“அப்ப மருந்து?”

“இப்பைக்கு வேணாம். எப்பயும் இப்பிடியே இருக்குமெண்டு சொல்ல ஏலாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து ரத்தம் குடுங்க. ஒண்டாச் சாப்பிட்டாத் தொத்தாது, பயப்பட வேணாம்.”

இப்போதென்றால் எல்லாருக்கும் உடனே மருந்து தொடங்குவார்களாம். அப்போது பொறுத்துப் பார்ப்பார்கள். ஓமென்று தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் ஏறுமுன்பே சந்தேகம் பிடித்துவிட்டது. டாக்டர் மழுப்புகிறாரா? இவள்தான் எனக்கு ஒளித்துக் குளிசை விழுங்குகிறாளா? அவள் குளிக்கப் போன நேரம் அலுமாரியைக் கிளறினேன், தலையணை உறையையும் கழற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மூன்று வருஷம் இதே வேலை. அவள் மெலிந்தால் நோய் என்பேன், கொழுத்தால் கள்ளக் குளிசை என்பேன். கிளினிக்கிலோ ஒவ்வொரு முறையும் அதே பதில்தான்.

பிறகு என் மகளின் கலியாணம் வந்தது. எங்களில் விருந்தென்றால் சஹன். ஒரு பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர், எல்லார் கையும் அதற்குள். பொண்ணின் சஹனில் சாச்சி, அதாவது தாயின் தங்கச்சி, இருந்தே ஆக வேண்டும். அவள் கை படும் சோற்றில் என் பிள்ளையும் கை வைப்பதா? ஊருக்கு விஷயம் தெரியாது, வாய்விட்டுச் சொல்லவும் ஏலாது.

கலியாணத்தன்று காலை பத்து மணிக்கு, பெண்கள் நிறைந்திருந்த அறையில், அவள் முகத்துக்கு முன்னாலேயே சொன்னேன். “தங்கச்சி இண்டைக்குச் சுன்னத்து நோன்பு. சஹனுக்கு இருக்க மாட்டா.”

“அல்லாஹ்வே, கலியாண வீட்டுலயா? கடமையான நோன்பில்லையே, விட்டா என்ன?” என்றாள் ஒருத்தி.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். “இல்ல, பிடிச்சிட்டன்” என்றாள்.

பகலெல்லாம் குசினியில் நின்று சஹன்களுக்குச் சோறு போட்டாள். கள்ளத்தனமாக ஒரு வாய் தின்பாள், ஒரு மிடறு தண்ணீராவது குடிப்பாள் என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்ன பெண் நான்!

ஆட்கள் கலைந்த பின், பொழுதுபடும் மஃரிபுக்குச் சற்று முன், சோறும் இறைச்சியும் கொண்டுபோய் வைத்தேன்.

“தின்னுடி. இனி ஆரும் பாக்க மாட்டாங்க.”

“பொறுங்க ராத்தா, நோன்பு திறக்க இன்னும் பாங்கு சொல்லல்ல.”

“அடியே, அது நான் சும்மா சொன்னது!”

“தெரியும். விடிஞ்சதுல இருந்து நான் ஒண்டும் வாயில வெக்கல்லதானே. அத்தின பேருக்கு முன்னால நீங்க பொய் சொன்னதா ஆகக் கூடாதெண்டு, அப்பவே நோன்பெண்டு மனசுல நிய்யத்து வெச்சிட்டன்.”

பள்ளியில் பாங்கு கேட்டது. கலியாணத்தில் மிஞ்சிய பழத் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, தண்ணீர் குடித்தாள். பிறகு பழக்கதோஷத்தில் தான் கை வைத்த அந்தத் தட்டை என் பக்கம் நீட்டியவள், பாதியில் நிறுத்தி, மெதுவாகத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.