வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

உடம்பு ஒன்று சொல்கிறது, டாக்டர் வேறொன்று சொல்கிறார் என்றால் யாரை நம்புவது? அன்று இதற்குப் பதில் தெரியாமல்தான் தவித்தேன். இன்றும் யாராவது நேராகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அது 2003-ஆம் ஆண்டு. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் நான், கணவர், மாமியார், நான்கு மாதக் கைக்குழந்தையாக என் மகள். பிள்ளை பெற்ற உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குழந்தை அழுவது காதில் விழும், எழுந்துபோய்த் தூக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் நனைந்த சாக்கு மாதிரிக் கிடக்கும். முகம் ஊதியது, குரல் கரகரத்தது. ஊரே புழுக்கம் தாங்காமல் விசிறிக்கொண்ட ஏப்ரலில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்ததில், தைராய்டு போதிய அளவு சுரக்கவில்லை என்று தெரிந்தது.

எங்கள் டாக்டர் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். தாய்ப்பால் கொடுக்கிறேனே, குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று நான் மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்று முறையும் பொறுமையாக, "ஒண்ணும் ஆகாதும்மா" என்றார்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி நான். எழுந்து, பல் தேய்த்து, சுவாமி விளக்குக்கு ஒரு கும்பிடு. மாமியார் கையில் கொடுக்கும் முதல் டம்ளர் காபியோடு மாத்திரையையும் போட்டுக்கொள்வேன். இட்லியோ உப்புமாவோ எதுவானாலும் எட்டு மணிக்கு மேல்தான். ஆனாலும் அடுத்த பரிசோதனையில் டாக்டர் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினார். பிறகு இன்னொரு முறையும் கூட்டினார். அதன் பிறகு ஏதோ நடமாடும் அளவுக்கு வந்தேன்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது இரவில் சரியாகத் தூங்க மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தாள். பால் கொடுக்கும் தாய் காபி குடித்தால் குழந்தைக்குத் தூக்கம் கெடும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். படித்த அன்றே காபியை விட்டுவிட்டேன். மாமியாருக்கு வருத்தம். "நாங்கள்லாம் காபி குடிச்சுண்டே நாலு பெத்து வளர்த்தோம்" என்றார். நான் மாத்திரையை வெந்நீரோடு போட்டுக்கொள்ளப் பழகிக்கொண்டேன்.

சில வாரங்கள் போயிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மாடிப்படி ஏறி ஓடிவந்தவள் மாதிரி நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வியர்த்தது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கமில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. எல்லாவற்றையும்விட, கை நடுங்கியது. பாலாடையில் மருந்து ஊற்றினால் பாதி வெளியே போனது. "இந்த மாத்திரையெல்லாம் சூடும்மா" என்றார் மாமியார். கீழ் வீட்டு ஆண்ட்டி, அவர் சொந்தக்காரப் பெண் இதே மாத்திரை சாப்பிட்டு எலும்பும் தோலுமாகப் போன கதையைச் சொல்லிவிட்டு, "பேடம்மா, நில்சிபிடு" என்றார். விட்டுவிடு என்று அவர் கன்னடத்தில் சொன்னது, எனக்கு என் மனமே சொல்வது போலிருந்தது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே என்றார் கணவர். இவர் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி என்று நான் நடுவில் நின்றேன்.

கௌரி பண்டிகைக்கு முதல் நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டாவது கிராஸ் கடைத்தெருவுக்குப் பூ வாங்கப் போனேன். பண்டிகைக் கூட்டம். நடுத்தெருவில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. குழந்தையைத் தாங்கியிருந்த கை உதறியது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உதறல் அதிகமானதே தவிரக் குறையவில்லை. அவள் என் இடுப்பிலிருந்து வழுக்கினாள். நான் கத்தினேனா என்பது கூட நினைவில்லை.

எதிரே பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். "இன்னாம்மா, கை இப்டி ஆடுது? கொயந்தய இங்க குடு. நீ மொதல்ல குந்து" என்று என்னைத் தம் மணையிலேயே உட்காரவைத்தார். என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து ஒரு முழம் கனகாம்பரத்தைப் பிய்த்துப் போட்டாள். "பரவால்ல, உங்கம்மாவ விட உன் கை ஸ்ட்ராங்கா கீது" என்று அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவுக்குக் காசு கொடுத்தும் அவர் வாங்கவில்லை. வீடு திரும்பும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பயந்து, கூப்பிடு தூரத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

மறுநாள் காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். போட்டுக்கொண்டால் குழந்தையைக் கீழே போட்டுவிடுவேன். விட்டுவிட்டால் பழையபடி அவள் அழ அழக் கிடப்பேன். இரண்டில் எந்த அம்மா அவளுக்கு வேண்டும்?

மாமியார் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் நீ காபியை விட்டதுலேர்ந்துதான். பழகின ஒடம்பு, நடுங்காம என்ன பண்ணும்?" என்றார்.

வழக்கம்போல் காபிக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. காபியை விட்ட பிறகுதான் நடுக்கம். அது நிஜம்தானே? மாத்திரையை மாதக்கணக்காகப் போடுகிறேன், அளவு கூட்டியபோதெல்லாம் நடுக்கம் வரவில்லை. காலையில் மாறியது ஒன்றே ஒன்றுதான். முன்பு காபியோடு உள்ளே போனது இப்போது வெந்நீரோடு போகிறது.

அன்று மாத்திரையை நான் போடவுமில்லை, எறியவுமில்லை. காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பண்டிகை நாள், டாக்டர் மதியம் வரைதான் இருப்பார் என்றார்கள். மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்ற யோசனைதான். டிகிரி படித்தவள் டாக்டரிடம் போய்க் காபியைப் பற்றிக் கேட்பதா? சிரிக்க மாட்டாரா?

சிரிக்கத்தான் செய்தார்.

"டாக்டர், காபிக்கும் இந்த மாத்திரைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" என்று கேட்டதும், எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏனம்மா, வெறும் வயித்துல தானே போடச் சொன்னேன்?"

"வெறும் வயித்துலதான் டாக்டர் போட்டேன். காபி மட்டுந்தான்..."

"காபி மட்டுமா!" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். "காபி வயித்துக்குள்ள போகாதா உங்களுக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்காத்துல ஏகாதசி விரதத்துக்கே காபி உண்டு டாக்டர்" என்றேன்.

"சரி சரி, எங்க மனெயிலும் அதே கதெதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நிதானமாக விளக்கினார். காபியோடு சேர்த்துப் போட்டால் மாத்திரை உடம்பில் முழுதாகச் சேராது. அது தெரியாமல், ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். காபியை நிறுத்தியதும், கூட்டிய அளவு அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கிறது. மாத்திரை எனக்கு ஆகாமல் இல்லை, அளவுதான் மிஞ்சிவிட்டது. அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவும் பிறகு அதையேதான் சொன்னது. அளவைக் குறைத்து எழுதினார். வெறும் தண்ணீர், ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று அழுத்திச் சொன்னார். "நீங்களா நிறுத்தாம வந்து கேட்டீங்களே, அதுதான் புத்திசாலித்தனம்" என்றார். பள்ளிக்கூடத்தில் கூட யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களிப்பு. "நான்தான் சொன்னேனே, காபிதான் காரணம்னு!"

"நீ சொன்னது காபி குடிக்காததாலன்னும்மா" என்றார் கணவர்.

"ரெண்டும் ஒண்ணுதான், போடா."

நடுக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு படபடப்பு அடங்கியது. தீபாவளி வாக்கில் ஒரு நாள் காலை, குழந்தையைக் குளிப்பாட்டி மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். திமிறுகிற குழந்தை. ஆனால் பொட்டு ஒரு மிளகு மாதிரி வட்டமாக, வழியாமல் உட்கார்ந்தது. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு எதற்கென்று தெரியாமல், அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வரை விடுவிடுவென்று ஏறினேன். மூச்சு வாங்கவில்லை, கால் துவளவில்லை. மேலே போய் அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அவள் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். கீழ் வீட்டு ஆண்ட்டி துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், "ஏனாயித்து?" என்று பதறிப்போய்க் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறாள் என்று என்னைச் சொல்லாதவர்கள் இல்லை. எனக்குள் ஓயாமல் கேள்வி கேட்கும் அந்தப் பயந்தாங்கொள்ளியை நானும் எத்தனையோ முறை அதட்டி உட்காரவைத்திருக்கிறேன். ஆனால் என் குழந்தையை என் கையிலேயே இருக்கவைத்தது அவள்தான் என்று தெரிந்த பிறகு, அவள் பேச வந்தால் நான் தடுப்பதில்லை.

இப்போது அந்தப் பயந்தாங்கொள்ளி மறுபடி கேட்கிறாள். என் நாத்தனாருக்கும் சென்ற மாதம் இதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாத்தனார் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கிறாள். விடிந்து கம்பெனி வண்டி கொண்டுவந்து விட்டதும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள், பிற்பகலில் எழுந்ததும் மறுபடி சாப்பாடு, நடு இரவில் கேன்டீன். அவளுக்கு வெறும் வயிறு என்பது எந்த நேரம்? டாக்டரிடம் அழைத்துப்போகத்தான் போகிறேன். அதற்கு முன், இரவு வேலை பார்த்துக்கொண்டே இந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வரும் வாசகியர் யாராவது இருந்தால், நீங்கள் எந்த நேரத்தில் போட்டுக்கொள்கிறீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்களேன்.