அண்ணன் கொடுத்த ரம்பங்கள்

அம்மா ஆடி மாதம் இறந்தாள். அப்பா போன பிறகு கள்ளக்குறிச்சியில் எங்கள் மரவாடியைப் பன்னிரண்டு வருஷம் அவள்தான் நடத்தினாள். கல்வராயன் மலை அடிவாரத்துப் பட்டா நிலங்களில் மரம் பார்த்து விலை பேசுவதும் அவள்தான். ஒருநாள் லாரியிலிருந்து கட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அப்படியே உட்கார்ந்தாள். எழவில்லை.

கருமாதியன்று சாதிச் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு அந்த வருஷம் ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அம்மா இருந்தவரை அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவாள். "கேக்கறது நியாயந்தாங்க. ஆனா நம்மகிட்ட எல்லா சனமும் வேலை செய்யுது. என்னை விட்ருங்க" என்பாள். அன்று அவர்களில் மூத்தவர் அண்ணன் தோளில் துண்டைப் போட்டார்.

"அம்மா இல்லாத எடத்துல இனிமே நாங்க இருக்கோம் தம்பி. இந்த ஒன்றியத்துக்கு நீதான் தலைவர்."

அழுது வீங்கிய முகத்தோடு அண்ணன் தலையாட்டினான். துக்கத்தில் ஆட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். மறுவாரமே வெள்ளை வேட்டி சட்டையில் வாடிக்கு வந்தான்.

சங்கம் அறிவித்திருந்த சாலை மறியலுக்கு முந்தின நாள் மேஸ்திரியைக் கூப்பிட்டான். அவர் காலனிக்காரர், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வாடியில் ரம்பம் இழுத்தவர். அண்ணன் அதுவரை அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவான்.

"ரம்பம் கோடாலி எல்லாத்தையும் எடுத்து வெளிய வை மேஸ்திரி."

"எந்தத் தோப்புக்குங்க?"

"ரோட்டுக்கு."

"சர்க்கார் மரங்க அது. அம்மா இருந்திருந்தா..."

"அம்மா இல்ல."

அவர் எடுத்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தியாகதுருகம் சாலை நெடுகப் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை. வண்டிச் சத்தமே இல்லாத ஊரில் நாய்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. மூன்றாம் நாள் மதியம் தெற்கே புகை எழுந்தது. காய்ச்சல்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு காலனி ஆட்கள் மரத்தைத் தாண்டப் போனதில் தகராறு என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். சட்டையெல்லாம் புழுதியாக அண்ணன் வந்து தண்ணீர் கேட்டான்.

"எங்கண்ணா புகை?"

"காலனில."

"மேஸ்திரி வூடு அங்கதான இருக்குது?"

"தெரியும்" என்றான். குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். வேறொன்றும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. சிறையிலிருந்து திரும்பியபோது மேளமும் மாலையுமாக அழைத்து வந்தார்கள். ஆனால் வாடிக்குக் காலனி ஆட்கள் ஒருவரும் வரவில்லை. மேஸ்திரி குடும்பத்தோடு வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளித் தோட்டத்தில் கூலிக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, அண்ணனிடம் சொல்லாமல் மலைக்குப் பஸ் ஏறினேன்.

என்னைக் கண்டதும் மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே போட்டார். பாதையை எட்டிப் பார்த்தார்.

"நீங்க வர்றத யாராச்சும் பாத்தாங்களாம்மா?"

"இல்ல மேஸ்திரி. வாடிக்குத் திரும்பி வாங்க. நான் அண்ணங்கிட்ட பேசறேன்."

"உங்க மேல கோவம் இல்லம்மா. கீழ எறங்கத் தைரியம் இல்ல. இருட்டறதுக்குள்ள போயிடுங்க. இங்க வந்தத அவருகிட்ட சொல்லாதீங்க."

அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டேன். வாடி வாசலில் புது ஜீப் ஒன்று நின்றது. முன்பின் பார்த்திராத ஆட்கள் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து வந்து கேட்டை மறித்தான்.

"யாரு நீங்க? இன்னா வேணும்? தலைவர் உள்ள பேசிக்கினு இருக்காரு."

"அவரு தங்கச்சி" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு உள்ளே போனான்.