அனில்டோவின் வெந்நீர்க் குளியல்

பிரேசிலின் தெற்கே, இராத்தி ஊரில் யார் வீட்டுக் கணினி படுத்தாலும் அனில்டோவைத்தான் கூப்பிடுவார்கள். பாதிரியாரின் மடிக்கணினி, மருந்துக்கடைப் பெட்டி, கூட்டுறவுச் சங்கத்தின் பன்னிரண்டு கிழட்டுக் கணினிகள், எல்லாம் அவன் கை பட்டுத்தான் உயிரோடு இருந்தன. ஐம்பத்திரண்டு வயது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னக் கடை, பேச்சு குறைவு, பெருமை அதிகம். அப்படிப்பட்டவன் சொந்த மனைவியின் கணினியைச் சரிசெய்யத் தெரியாமல் ஆறு வாரம் திண்டாடினான் என்று ஊர் பேசிக்கொண்டது. அதில் பாதிதான் உண்மை.

மனைவி ஜூசாரா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். லாரி ஓட்டுநரின் மகள். சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பாதி பிரேசிலைப் பார்த்தவள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. அனில்டோதான் ஆசையாசையாக ஒரு கணினி சேர்த்துக் கொடுத்தான். பின்கட்டில் புதிதாகக் கட்டிய அறையில் மேசை போட்டு, மின்சார ஒயரையும் தானே இழுத்தான். சாயங்காலம் ஆறரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எட்டு மணிவரை அவள் மலைப்பாதை மழையில் சோயா மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருப்பாள். கூடவே இணையம் வழியாக வந்து சேரும் வேறு வேறு ஊர்க்காரர்களின் நாலு லாரிகள். முதல் லாரிக்காரன் பெயர் வால்மோர்.

இந்த வால்மோர்தான் அனில்டோவின் வயிற்றெரிச்சல். ரியோ கிராந்தே பக்கத்து ஆள். முப்பது வருடம் நிஜ லாரி ஓட்டி முழங்காலைத் தொலைத்தவன், மனைவி இறந்து தனியாக இருப்பவன். ஜூசாரா அவனை நேரில் பார்த்ததில்லை. ஆனால் குரல் என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் பேசியபோது அனில்டோ கேட்டுவிட்டான். வெண்ணெய் தடவிய குரல். அம்மணி, வளைவு வருது, மெதுவா வாங்க என்றது. அவள் சிரித்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் தன் பேச்சுக்கு அவள் இப்படி எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மே மாதம் அந்தப் பக்கத்துக் குளிர்காலம் இறங்கியபோது கணினி படுக்க ஆரம்பித்தது. கடிதம் எழுதினால் ஒன்றுமில்லை, படம் பார்த்தால் ஒன்றுமில்லை. விளையாட்டில் மழையும் மலையும் பெரிய ஊரும் சேர்ந்து வந்து, பெட்டி மூச்சு வாங்குகிற நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். பெரும்பாலும் ஏழு மணி வாக்கில்.

அனில்டோ தூசி ஊதினான். நினைவகச் சில்லுகளை இடம் மாற்றினான். படம் காட்டும் அட்டையின் சூட்டை அரைமணிக்கு ஒருதரம் பார்த்துக் குறித்தான். கடையிலிருந்து புது பவர் சப்ளை கொண்டுவந்து மாட்டினான். பெட்டியைக் கடைக்கே தூக்கிப்போய் நாள் முழுக்க விளையாட்டை ஓடவிட்டபோது அது சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது. இதற்கு நடுவே, காபி ஊற்றும்போதெல்லாம் ஜூசாரா வால்மோர் சொன்னதை ஒப்பிப்பாள். ஸ்டெபிலைசரைப் பார்க்கச் சொன்னாராம், சுவர் பிளக்கைப் பார்க்கச் சொன்னாராம். லாரிக்காரன் எனக்குப் பாடம் எடுக்கிறானா என்று அனில்டோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்திலேயே பிளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டை ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஜூசாரா குளிக்கப் போனாள். தலைக்கு மேலே தண்ணீரைச் சுடவைத்து ஊற்றும் மின்சார ஷவர், குளிர்காலத்துக்கான முழுச் சூட்டில் வைத்திருந்தது. அவள் திறந்ததும் அறை விளக்கு மங்கியது, ஸ்டெபிலைசர் கிளிக்கென்றது, பெட்டி அணைந்தது.

சுவரை உடைக்கச் சோம்பல்பட்டு, ஷவருக்குப் போகும் ஒயரிலிருந்தே இந்த அறைக்கும் கிளை எடுத்த மகானுபாவன் யார்? அனில்டோ. கடையிலிருந்து வந்து தினமும் ஏழு மணிக்கு வெந்நீரில் குளிக்கிறவன் யார்? அவனேதான். பெட்டி அணையும்போதெல்லாம் குளியலறையில் இருந்ததால்தான் அவன் ஒருநாளும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தான். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த ஜூசாரா முந்திக்கொண்டாள்.

"பிடிபட்டுச்சா? இல்லேன்னா விடு. நாளைக்கு வால்மோர் உக்காந்து யோசிச்சுச் சொல்றேன்னிருக்காரு."

"இன்னும் இல்ல" என்றான் அனில்டோ.

அன்றிலிருந்து அவனுக்குக் குளியல் பைத்தியம் பிடித்தது. பின்கட்டிலிருந்து சிரிப்பு கேட்டால் துண்டை எடுத்துவிடுவான். ஷவரைத் திறப்பான், சிரிப்பு நடுவில் அறுந்துபோகும். உடம்பெல்லாம் வறண்டு அரிப்பெடுத்தது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. பெட்டி அணைந்ததும் ஜூசாரா அலுத்துக்கொண்டு அடுக்களைக்கு வருவாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அவித்த பின்யோன் என்கிற பைன்மரக் கொட்டையை உரித்துத் தின்பார்கள். அவள் பள்ளிக்கூடத்துக் கதை ஏதாவது சொல்வாள். அந்தப் பத்து நிமிடம் அவள் அவனுடையவள். அதற்காக அவன் மூன்று தடவை குளிக்கத் தயாராக இருந்தான், குளிக்கவும் செய்தான்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் அவன் ஈரத்தலையோடு வந்தபோது அடுக்களை மேசையில் கொட்டை இல்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் இருந்தது. ஜூசாரா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வால்மோர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. பொட்டி அணையும்போது உங்க வீட்ல யாராச்சும் குளிக்கிறாங்களான்னு" என்றாள். "அன்னியிலேர்ந்து குறிச்சு வெச்சிருக்கேன். வட்டம் நீ குளிச்சது. பெருக்கல் பொட்டி அணைஞ்சது."

எல்லா வட்டத்துக்குள்ளேயும் ஒரு பெருக்கல் இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஒயரத் தப்பா இழுத்துட்டேன். நாளைக்கே மாத்திடறேன்."

"ஒயர யாரு கேட்டா? கடைலேர்ந்து வந்து ஒரு தடவ குளிக்கிறே, சரி. பதினேழாந்தேதி மூணு தடவ குளிச்சிருக்கே. அன்னிக்கு நான் ரொம்பச் சிரிச்சேன்."

அவன் ஷவர்த் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். அந்த நேரத்திலும் அவனுக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"அவன்கிட்ட என்ன சொன்னே?"

"யாரும் குளிக்கலேன்னு சொன்னேன்." ஜூசாரா காலண்டரைச் சுருட்டினாள். "ஊருக்கே பொட்டி பாக்கிற ஆளு. முன்னப்பின்ன தெரியாத மனுசன்கிட்ட உன்ன விட்டுக்குடுக்க எனக்கு வாய் வரல. நீதான் என் சிரிப்பப் பொறுக்க மாட்டேங்கிறே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக்கூடப் போகாமல் சுவரை உடைத்து, மெயின் பலகையிலிருந்து பின்கட்டு அறைக்குத் தனி ஒயர் இழுத்தான். மதியம் மூன்றானது. ஜூசாரா காபியும் ரொட்டியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவள் உட்கார்ந்தாள். வால்மோர் ஏதோ விசாரித்திருக்க வேண்டும். எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சுட்டாரு, ஒயருல கோளாறாம் என்று அவள் பெருமையாகச் சொன்னது அனில்டோவின் காதில் விழுந்தது. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு அவன் குளிக்கப் போனான். ஷவரைக் குளிர்காலச் சூட்டில் வைத்துத் திறந்தான். ஆவி எழும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜூசாரா சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். வயிறு முன்போலவே எரிந்தது. விளக்கு மங்கவில்லை. இந்தத் தடவை அவன் ஒயரைச் சரியாகத்தான் இழுத்திருந்தான்.